ஹெல்பராக இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வீட்டு வயரிங்கைத் தனியாக எடுக்கலாமா?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்து, ஒரு மேஸ்திரியிடம் இரண்டு வருடமாக ஹெல்பராக இருக்கிறீர்கள். ஸ்லாபில் பைப் போட, சுவரில் காடி (பைப்புக்கான பள்ளம்) எடுத்து பாக்ஸ் பதிக்க, வயர் இழுக்க, சுவிட்ச் மாட்ட வரும். சொந்தக்காரர் ஒருவர் கீழும் மேலுமாக வீடு கட்டுகிறார், வயரிங்கை நீயே எடுத்துக்கொள் என்கிறார். எடுக்கலாமா, இன்னும் என்ன தெரிய வேண்டும், லைசென்ஸ் இல்லாமல் செய்யலாமா, என்ன கருவி வாங்க வேண்டும் என்பது கேள்வி. வேலையில் கை ஓடுகிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. மேஸ்திரி பக்கத்தில் இல்லாத இடத்தில் பொறுப்பு எடுக்க உங்களிடம் என்ன குறைகிறது என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் சூப்பர்வைசர் சான்றிதழ் வைத்து வீடு, கடை, சிறு அபார்ட்மென்ட் வேலைகள் பார்த்தவன். ஃபேக்டரி, ஹெச்டி (உயர் அழுத்த) பேனல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதில் போதாது.

சுவிட்ச் போட்டால் விளக்கு எரிய வைப்பதை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். கோளாறு வரும்போது கரன்ட் எந்த வழியாகப் போகும், அதை எது, எவ்வளவு நேரத்தில் நிறுத்தும் என்று ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உங்களால் சொல்ல முடிந்தால் வீட்டை எடுங்கள். முடியாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் மேஸ்திரியிடமே இருங்கள். கீழே நான் எழுதுவது பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

முதலில் ஸ்லாப். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஹெல்பராகப் பார்ப்பதற்கும் பொறுப்பாளராகப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கான்கிரீட் போடும் முன்தினம் கம்பி கட்டுகிறவரும் பிளம்பரும் நீங்களும் ஒரே தட்டில் நிற்பீர்கள். பைப் கம்பிக்குக் கீழே பலகையோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது, கம்பிகளுக்கு நடுவே போக வேண்டும். டிபி (எல்லா சர்க்யூட்டும் பிரியும் பெட்டி) பக்கம் வரும்போது ஏழெட்டு பைப் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும். அந்த இடத்தில் ஜல்லி உள்ளே இறங்காது, ஸ்லாப் பலவீனப்படும். இடைவெளி விட்டுப் பரப்புங்கள். எல்போ போட்டு மடக்குவது சுலபம், ஆனால் இரண்டு எல்போ தாண்டி வயர் இழுக்கும்போது இன்சுலேஷன் உரியும். நீள வளைவாகவே மடக்குங்கள். ஃபேன் பாக்ஸின் கம்பியை ஸ்லாப் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று நீங்களே ஆட்டிப் பாருங்கள், அதில்தான் நாளைக்கு ஒரு குழந்தையின் தலைக்கு மேல் ஃபேன் சுற்றப் போகிறது. பாக்ஸ் வாயில் பேப்பரோ சாக்குத் துண்டோ திணித்து டேப் ஒட்டுங்கள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு கான்கிரீட் அன்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வைப்ரேட்டர் பிடிப்பவர் பைப் எங்கே ஓடுகிறது என்று பார்த்து மிதிக்க மாட்டார். கழன்ற ஒரு ஜாயின்ட்டை அந்த நிமிடத்தில் ஒட்டுவதற்கும், இரண்டு மாதம் கழித்து அடைத்துப்போன பைப்புக்காகக் கூரையைக் கொத்துவதற்கும் உள்ள செலவை யோசித்துக்கொள்ளுங்கள்.

சுவர்க் காடி பற்றி ஒன்று மட்டும். நாலரை அங்குலச் சுவரில் இரு பக்கமும் ஒரே இடத்தில் காடி எடுக்காதீர்கள், படுக்கைவாக்கில் நீளமாக வெட்டாதீர்கள், தூணையும் பீமையும் தொடவே தொடாதீர்கள். வீட்டுக்காரர் "கொஞ்சம்தானே" என்பார். இன்ஜினியரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது கணக்கு. வயர் எத்தனை எம்எம் (செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்), எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர் என்பதை மேஸ்திரி வாயால் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள்: லைட்டுக்கு ஒன்றரை, பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கு நாலு. மனப்பாடம் தப்பில்லை, காரணம் தெரிந்திருக்க வேண்டும். எம்சிபி சாமானைக் காப்பாற்ற இருப்பதில்லை, வயரைக் காப்பாற்ற இருக்கிறது. வயர் தாங்கும் கரன்டுக்கு மேல் எம்சிபி போட்டால் சுவருக்குள் வயர் சூடாகிக்கொண்டே இருக்கும், எம்சிபி சும்மா இருக்கும். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் எடுக்கும். அதற்கு இரண்டரை எம்எம் வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும் சரி. அது அடிக்கடி விழுகிறது என்று யாராவது 32 போட்டுவிட்டுப் போனால், அன்றிலிருந்து அந்த வயருக்குக் காவல் கிடையாது. எம்சிபி விழுந்தால் ஏன் விழுகிறது என்று தேட வேண்டும். பெரிசு போடுவது தொழில் தெரியாதவர் செய்வது.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். உங்கள் சொந்தக்காரர் வீட்டில் போர்வெல் இருந்து, டிபியிலிருந்து 60 மீட்டர் தள்ளி மோட்டார் இருக்கிறது என்று வையுங்கள். போக வர 120 மீட்டர். ஒன்றரை எம்எம் செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம் என்றால் மொத்தம் ஒன்றரை ஓம் பக்கம். 8 ஆம்பியர் ஓடும் மோட்டாருக்கு வழியிலேயே ஏறக்குறைய 12 வோல்ட் போய்விடும். ஸ்டார்ட் ஆகும்போது கரன்ட் நாலைந்து மடங்கு இழுக்கும், அப்போது இழப்பு 50 வோல்ட் பக்கம் போகும். சாயங்காலம் ஊரே லோடு போட்டு வோல்டேஜ் இறங்கியிருக்கும் நேரத்தில் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், ஸ்டார்ட் ஆகாது. வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக்கைத் திட்டுவார். நாலு எம்எம் இழுத்திருந்தால் இழப்பு பாதிக்கும் கீழே வந்திருக்கும்.

இப்போது எர்த். இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள், ஏனென்றால் பல வருடம் வேலை பார்த்தவர்களிடமும் இந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. "எர்த் போட்டாச்சு, ஷாக் அடிக்காது" என்பார்கள். வீட்டில் நீங்கள் அடித்த எர்த் பைப்பின் ரெசிஸ்டன்ஸ் 8 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்க எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசர் காயில் பழுதாகி ஃபேஸ் பாடியைத் தொடுகிறது. கரன்ட் பாடியிலிருந்து எர்த் வயர் வழியாக மண்ணுக்குள் போய் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். உங்கள் 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி சட்டென்று விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியருக்கு அது சூடாகித்தான் விழும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரம் முழுக்க கீசர் பாடியிலும், அதே எர்த்தில் இருக்கும் கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் பாடியிலும் 184 வோல்ட் நிற்கும். ஒரு இடத்தில் வந்த கோளாறை எர்த் வயர் வீடு முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறது.

இதற்குத்தான் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச். போகிற கரன்டும் திரும்புகிற கரன்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 வினாடிக்குள் வெட்டிவிடும். மேலே சொன்ன 23 ஆம்பியர் அதற்கு மிகப் பெரிய கசிவு, கண் இமைக்கும் முன் விழுந்துவிடும். எர்த்தும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது, ஷார்ட் சர்க்யூட்டைப் பார்க்காது. அதனால் எம்சிபியும் கூடவே இருக்க வேண்டும். ஒரு கையில் ஃபேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பிடித்தவரை ஆர்சிசிபியால் காப்பாற்ற முடியாது, அதையும் வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட மாட்டேன், செலவு என்று சொல்கிற வீட்டை எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஆர்சிசிபி போட்ட பிறகுதான் உங்கள் வயரிங்கின் லட்சணம் வெளியே வரும். கீழும் மேலுமான வீட்டில் அடிக்கடி நடப்பது இது: மாடிப்படி விளக்குக்கு இரண்டு இடத்தில் டூவே சுவிட்ச். ஃபேஸ் கீழ்வீட்டு டிபியிலிருந்து வருகிறது. மேலே விளக்குப் பக்கத்தில் மேல்வீட்டு நியூட்ரல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, வயர் மிச்சம் என்று அதில் போட்டுவிடுவார்கள். விளக்கு நன்றாகத்தான் எரியும். ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஆர்சிசிபி போட்ட அன்று, படி விளக்கைப் போட்டவுடன் ஏதோ ஒன்று விழும். கீழ் ஆர்சிசிபி வழியாகப் போன கரன்ட் மேல் ஆர்சிசிபி வழியாகத் திரும்பினால் இரண்டுக்கும் கணக்கு இடிக்கும்தானே. இன்வெர்ட்டர் வயரிங்கிலும் இதே கதை: இன்வெர்ட்டர் லோடு நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு கண்ட இடத்தில் கலந்துவிட்டு, "ஆர்சிசிபி கம்பெனி சரியில்லை" என்பார்கள். அப்புறம் அதை பைபாஸ் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு சர்க்யூட்டின் ஃபேஸும் அதன் நியூட்ரலும் ஒரே டிபியிலிருந்து கிளம்பி, ஒரே பைப்பில் சேர்ந்தே ஓட வேண்டும். பைப் போடும் நாளிலேயே இது முடிவாக வேண்டும், டிபி டிரெஸ்ஸிங் (டிபிக்குள் வயர்களை ஒழுங்காக இணைக்கும்) நாளில் யோசித்தால் தாமதம்.

விழுகிற ஆர்சிசிபியைத் தேடும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். எல்லா எம்சிபியையும் ஆஃப் செய்த பிறகும் விழுகிறது என்றால் பலர் ஆர்சிசிபி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் இன்னும் லிங்க்கில்தான் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை) இருக்கிறது. எங்கோ ஒரு பாக்ஸில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால் அது போதும் விழ. மெயினை ஆஃப் செய்து, நியூட்ரல் லிங்க்கில் இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். சுழி காட்டுகிற வயர் எந்த அறைக்குப் போகிறதோ அங்கே பாக்ஸ் ஸ்க்ரூ ஒன்று வயரைக் கடித்துக்கொண்டிருக்கும். நியூட்ரலுக்கு டிபியிலேயே எண் ஒட்டி வைத்திருந்தால் இது அரை மணி நேர வேலை. ஒட்டாவிட்டால் ஒரு நாள்.

மூன்று ஃபேஸ் இணைப்பு எடுக்கப் போகிறார் என்றால் நியூட்ரலுக்கு இன்னும் மரியாதை கொடுங்கள். உள்ளே வரும் நியூட்ரல் லூசாகிக் கழன்றால் குறைந்த லோடு இருக்கும் ஃபேஸில் வோல்டேஜ் 300ஐயும் தாண்டும். டிவி, ஃபிரிட்ஜ், எல்இடி எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். அந்த ஒரு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, வயரை இழுத்துப் பார்த்து, மறுபடி முறுக்குங்கள். மின்வாரிய சர்வீஸ் வயர் அலுமினியமாக இருந்து உங்கள் வயர் செம்பாக இருந்தால், இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். அதற்கான பைமெட்டல் லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் முனை) போடுங்கள். இழைவயரை எங்கே முடித்தாலும் லக் அடிக்காமல் விடாதீர்கள். எரிந்துபோன டிபிக்களில் நான் பார்த்த வரைக்கும் ஓவர்லோடைவிட லூஸ் கனெக்‌ஷன்தான் அதிகம்.

டெஸ்டரை நம்புவது பற்றியும் ஒரு வார்த்தை. நியான் டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், அதையும் சில சமயம் தவறாகச் சொல்லும். பக்கத்து வயரின் தூண்டலுக்கும் மினுங்கும். பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிந்தால் ஹெல்பர்கள் "இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது" என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் நியூட்ரல் கட் ஆகி, ஆனில் இருக்கும் ஏதோ ஒரு விளக்கு வழியாக ஃபேஸ் திரும்பி வந்திருக்கும். அதேபோல, சுவிட்ச் ஆஃப் செய்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால், முதலில் சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பல்பு மாற்றுகிறவர் கையில் ஃபேஸ் இருக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும். சுவிட்ச் சரியாக ஃபேஸைத்தான் வெட்டுகிறது என்றால், சுவிட்சில் இருக்கும் இண்டிகேட்டரோ நீளமாகக் கூட ஓடும் வயரோ காரணமாக இருக்கலாம். அது தொல்லை, ஆபத்து இல்லை.

வேலை முடிந்ததும் சப்ளை கொடுப்பதற்கு முன் டெஸ்ட். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் நடுவே 500 வோல்ட் மெகர். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் சப்ளை கொடுக்கக் கூடாது. புது வயரிங் நன்றாக இருந்தால் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஐந்து, பத்து என்று காட்டினால் விதிப்படி பாஸ், ஆனால் எங்கோ பூச்சு ஈரமோ அடிபட்ட வயரோ இருக்கிறது என்று நான் தேடுவேன். எல்இடி, டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர் எதையும் மாட்டுவதற்கு முன் மெகர் பாருங்கள், இல்லாவிட்டால் அவை போய்விடும். எர்த் கன்டினியுட்டி ஒவ்வொரு பிளக்கிலும், எர்த் ரெசிஸ்டன்ஸ் பிட்டில் (எர்த் குழியில்), கடைசியாக சப்ளை வந்த பிறகு ஆர்சிசிபி. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டன் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும், உங்கள் எர்த் நன்றாக இருக்கிறதா என்று காட்டாது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி டிபி கதவின் உள்ளே ஒட்டுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. கெமிக்கல் எர்த்தா, கரியும் உப்பும் போட்ட பழைய முறையா என்று கேட்பார்கள். மண்ணைப் பொறுத்தது. ஆற்றோரக் களிமண்ணில் ஒரு ஜிஐ பைப் அழகாக வேலை செய்யும், பாறைக்காட்டில் விலை உயர்ந்த கெமிக்கல் எர்த்தும் திணறும். அளந்து பார்க்காமல் எது நல்லது என்று பேசுவது வீண். உப்பு நாளடைவில் பைப்பை அரிக்கும் என்பதும் உண்மை. எந்த கம்பெனி வயர் நல்லது என்பதில் கடைக்குக் கடை கருத்து மாறும்; ஐஎஸ் 694 முத்திரையும் உள்ளே முழு அளவு செம்பும் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஒன்றரை எம்எம் என்று எழுதி ஒல்லியாக வரும் மலிவு காயில்களைத் தொடாதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் சட்டம் தெளிவு. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ள சூப்பர்வைசர் மேற்பார்வையில்தான் வயரிங் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் இவற்றைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். நம் ஆட்கள் பேச்சில் சூப்பர்வைசருக்கு சி, வயர்மேனுக்கு பி, உதவியாளருக்கு ஹெச். ஹெச்சுக்கான மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. அறிவிப்புகளில் 21 வயதும் 5 வருட வயரிங் அனுபவமும் கேட்பார்கள். ஐடிஐ படித்த உங்களுக்கு வயர்மேன் சான்றிதழ் பக்கம் வழி இருக்கும், இப்போதைய தகுதி விதியை வாரியத்திலேயே கேட்டு விண்ணப்பியுங்கள். வேலையை ஒருவர் செய்ய, யாரோ ஒரு கான்ட்ராக்டரிடம் காசு கொடுத்து ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்குவது ஊரெங்கும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கையெழுத்துப் போடுகிறவரை ஸ்லாபுக்கு ஒரு முறை, டிபிக்கு ஒரு முறை, டெஸ்டுக்கு ஒரு முறை நேரில் வரவழைக்க முடிந்தால் இந்த வீட்டை நீங்கள் எடுக்கலாம். உங்கள் மேஸ்திரியிடம் சான்றிதழ் இருந்தால் அவரையே கேளுங்கள். "அண்ணே, சொந்தக்காரர் வீடு, நீங்கள் வந்து பார்த்துக் கொடுக்க வேண்டும்" என்றால் பெரும்பாலான மேஸ்திரிகள் மறுக்க மாட்டார்கள். மறைத்துச் செய்து பிறகு தெரியவந்தால்தான் மனஸ்தாபம்.

கூலியைப் பாயிண்ட் கணக்கில் (ஒரு விளக்கு, ஃபேன், பிளக் இணைப்புக்கு இவ்வளவு என்று) பேசுவீர்கள். எது ஒரு பாயிண்ட் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: டூவே சுவிட்ச் ஒன்றா இரண்டா, ஏசி லைன், மோட்டார் லைன், எர்த் பிட், டிபி தனியா சேர்த்தா. சொந்தக்காரர் என்பதால் இன்னும் தெளிவாக எழுதுங்கள். பணத்தை ஸ்லாப் பைப், சுவர் பைப், வயர், ஃபினிஷிங் என்று நாலு கட்டமாக வாங்குங்கள். பாயிண்ட் ரேட்டை அடித்துக் குறைத்தால் கடைசியில் கை வைக்கப்படுவது எர்த் வயரிலும் டெஸ்டிலும்தான், அதனால் டெஸ்டுக்கு ஒரு தொகையைத் தனியாகப் பேசுங்கள்.

கருவிகளில் மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், லக் அழுத்த நல்ல கிரிம்பிங் டூல் மூன்றையும் சொந்தமாக வாங்குங்கள். மெகரும் எர்த் டெஸ்டரும் ஆரம்பத்தில் வாடகைக்கோ தெரிந்த கான்ட்ராக்டரிடமோ கிடைக்கும். நாலைந்து வீடு செய்த பிறகு சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் முன்னால், சைட்டின் டெம்பரரி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்த ஒரு சின்ன போர்டு செய்துகொள்ளுங்கள். ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட வயரோடு கட்டிங் மெஷின் பிடிக்கப் போவது நீங்கள்தான்.